நிலம் கொடுத்தவர், தானியம் எடுத்தவர்: இம்ரே நாகி (1896-1958)

பூடாபெஸ்ட் நாடாளுமன்றத்துக்கு அருகில் சிறு வெண்கலப் பாலம் ஒன்று இருந்தது. அதன் நடுவே தொப்பியும் மேலங்கியும் அணிந்த ஒரு முதியவர் நாடாளுமன்றத்தைப் பார்த்தபடி நிற்பார். 1996இல் வைக்கப்பட்ட அந்தச் சிலையின் அருகில் நின்று நானும் படம் எடுத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடி போனபோது பாலமும் இல்லை, மனிதரும் இல்லை. 2018 டிசம்பரில் சிலையைப் பெயர்த்து வேறொரு சதுக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு இம்ரே நாகி ஒரு துரோகியின் பெயராகவே அறிமுகமானார். யார் அவர் என்று நானாகத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

1896இல் கபோஷ்வார் நகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பூட்டுத் தொழில் பழகினார். முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் கைதியாகி அங்கேயே கம்யூனிஸ்ட் ஆனார். பிறகு 1930 முதல் 1944 வரை மாஸ்கோவில் வாழ்ந்தார். அங்கே அவர் ஆழ்ந்து கற்றது விவசாயப் பொருளாதாரம். அந்த நாட்களில் அவர் சோவியத் ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்ததாகக் காட்டும் ஆவணங்கள் 1989இல் மாஸ்கோவிலிருந்து வெளிவந்தன. அவரை வெறும் புனிதராக வணங்க வரலாறு இடம் தருவதில்லை.

1945இல் விவசாய அமைச்சராக அவர் கையெழுத்திட்ட நிலச் சீர்திருத்தம் பெரும் பண்ணைகளை உடைத்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலம் பெற்றன. ஆனால் நான்கே ஆண்டுகளில் கட்சித் தலைவர் ராகோசி அந்த நிலத்தைக் கூட்டுப்பண்ணைக்குள் தள்ள முனைந்தார். அவசரம் வேண்டாம் என்ற நாகி 1949இல் தலைமைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். தவறை ஒப்புக்கொண்டு திரும்பியவருக்குப் பின்னர் கிடைத்த பதவி, கட்டாயத் தானியக் கொள்முதல் அமைச்சர். இரும்பும் எஃகும் முதலில், சோறும் துணியும் பிறகு என்பதே அன்றைய திட்டத்தின் உயிர். அதற்கான தானியம் விவசாயியின் பரணைத் துடைத்து எடுக்கப்பட்டது. விதைநெல்லைப் பறிப்பது போன்ற காரியம் என்றால் நமக்குப் புரியும். நிலம் கொடுத்த அதே கை அதையும் செய்தது. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் உறுத்தும் பகுதி இதுதான்.

ஸ்டாலின் இறந்தபின், 1953 ஜூலையில், மாஸ்கோவின் ஒப்புதலுடன் பிரதமரானார். கனரகத் தொழிலின் வேகத்தைக் குறைத்தார். விரும்பாதவர்கள் கூட்டுப்பண்ணையை விட்டு விலகலாம் என்றார். விசாரணையின்றி அடைத்து வைத்திருந்த முகாம்களை மூடினார். ராகோசி சும்மா இருக்கவில்லை. 1955இல் பதவியும், பிறகு கட்சி உறுப்பினர் அட்டையும் பறிபோயின.

1956 அக்டோபர் 23 இரவு நாடாளுமன்றத்தின் முன் கூடிய கூட்டம் அவரை அழைத்தது. தோழர்களே என்று தொடங்கினார், மக்கள் கூச்சலிட்டார்கள். அந்த ஒரு சொல்லை அவர்கள் ஏற்கவில்லை என்பது அவருக்குப் புரியச் சில நாட்கள் ஆயின. மறுநாள் மீண்டும் பிரதமரானார். அக்டோபர் 30இல் ஒரு கட்சி ஆட்சி முடிந்தது என்றும், நவம்பர் 1இல் வார்சா ஒப்பந்தத்திலிருந்து ஹங்கேரி விலகுகிறது என்றும் அறிவித்தார். நவம்பர் 4 அதிகாலையில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. அவருடைய அமைச்சரவையில் இருந்த யானோஷ் காதார் எதிர் அரசின் தலைவராக வந்தார்.

யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்த நாகியிடம், பதவி விலகினால் போதும் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் மறுத்தார். பாதுகாப்பு உறுதிமொழியை நம்பி நவம்பர் 22இல் வெளியே வந்தவரைப் பிடித்து ருமேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். இரகசிய விசாரணையில் கருணை கேட்க மறுத்த அவர், 1958 ஜூன் 16இல் தூக்கிலிடப்பட்டார். பின்னர் நகர்ப்புறக் கல்லறையின் 301ஆம் பகுதியில், பெயர்ப்பலகையின்றி, முகம் குப்புறப் புதைத்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரைத் தூக்கிலிட்ட காதார் அரசு கட்டாயக் கொள்முதலைத் திரும்பக் கொண்டுவரவில்லை. விவசாயிகளை மறுபடி கூட்டுப்பண்ணைகளில் சேர்த்தாலும், வீட்டுத் தோட்டமும் சந்தையும் அவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டன. 1968 பொருளாதாரச் சீர்திருத்தம் கடைகளை நிரப்பியது. நாகி 1953இல் கேட்டதில் ஒரு பகுதியை, அவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு, நிறைவேற்றினார்கள்.

1989 ஜூன் 16இல் லட்சக்கணக்கானோர் முன்னிலையில் அவரை மீண்டும் அடக்கம் செய்தார்கள். ஜூலை 6இல் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. காதார் இறந்ததும் அதே நாளில்தான்.

தன் கட்சிக்காக எத்தனையோ முறை வளைந்த மனிதர், கடைசியில் ஒரு கையெழுத்துப் போட மறுத்தார். சிலையை எங்கே வைத்தாலும் அந்த மறுப்பை இடம் மாற்ற முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.