நாற்காலியைத் திருப்பிக் கொடுத்த ஜிம்மி மர்பி



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று மாணவர் பேரவை நோட்டீஸ் ஒட்டியதும் என் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் அப்துல் கலாம் அய்யாவைப் பற்றித்தான் எழுதப் போவதாகச் சொன்னார்கள். ஒருவன் அன்றைக்கே பாதி எழுதியும் விட்டான். நான் எழுதப் போவது ஒரு கால்பந்து ஆட்டக்காரரைப் பற்றி. கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும் ஆடுகிற நம்ம பக்கத்தில் அவர் பெயர் அதிகம் பேருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் கால்பந்து தெரிந்தவர்களைக் கேட்டால் எழுந்து நின்று சொல்வார்கள். அவர் பெயர் ஜிம்மி மர்பி.

எனக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தது குற்றாலச் சாரல்தான். ஒருநாள் சாயங்காலம் விளையாடிக் கொண்டிருந்தபோது சாரல் வலுத்துவிட, எல்லோரும் சைக்கிள் ஷெட்டுக்குள் ஓடினோம். நேரம் போகட்டும் என்று உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு கதை சொன்னார். பனியில் விழுந்த விமானம், அதில் போகாமல் தப்பிய ஒரு மனிதர். மழை விட்ட பிறகும் நாங்கள் மைதானத்துக்குப் போகவில்லை. அதன்பின் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். ஏன் அவ்வளவு ஆர்வம் என்பதற்கு என் வீட்டுக் காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மர்பி பிறந்தது 1910இல், வேல்ஸ் நாட்டில் ரோந்தா பள்ளத்தாக்கில் உள்ள பென்ட்ரே என்ற ஊர்ப் பக்கம். அது நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம். நம்ம ஊர் மாதிரியே மலையும் மழையும் உண்டு, ஆனால் மலைக்குள்ளே கரி. அந்த ஊரில் ஒரு பையன் பிறந்தால் பெரியவனாகிச் சுரங்கத்துக்குள் இறங்குவான் என்பதுதான் எழுதாத சட்டம். மர்பியின் அப்பா அயர்லாந்துக்காரர், அம்மா வேல்ஸ். சிறுவயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பாராம். அவரைச் சுரங்கத்திலிருந்து காப்பாற்றியது கால்பந்து.

1928இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகத்தில் சேர்ந்தார். 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். வேல்ஸ் நாட்டுக்காக 15 முறை இறங்கினார். 1935இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வெம்பிளி மைதானத்தில் ஆடி, ஷெஃபீல்ட் வெனஸ்டேயிடம் 4-2 என்று தோற்றார். இந்தத் தோல்வியை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு உலகப் போர் வந்தது. ஓர் ஆட்டக்காரனுக்கு நல்ல வயது எதுவோ அதைப் போர் தின்றுவிட்டது.

1945இல் இத்தாலியில் பாரி என்ற ஊரில் ராணுவ வீரர்களுக்கு மர்பி கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டுக் கொண்டு நின்றவர் மாட் பஸ்பி. மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் மேலாளராகப் போகிறவர். பேச்சு முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தார். கொடுத்தவருக்கு அப்போது சரியான மைதானம்கூட இல்லை. ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் 1941இல் குண்டு விழுந்து, 1949 வரை யுனைடெட் அணி வேறொரு கழகத்தின் மைதானத்தில்தான் ஆடியது.

பஸ்பி முகம், மர்பி கை. இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது, கோட் போட்டுக் கொண்டு நிற்பது பஸ்பி. சின்னப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் மணிக்கணக்காய்ப் பழக்குவது மர்பி. இடது கால் வராத பையனுக்கு இடது காலே வேலை. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பின்பும் தனியாக ஒரு பையனை நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார். திட்டுவார், நல்லாவே திட்டுவார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடிக்கத் தெரியாமல் முழித்தபோது திட்டித் திட்டியே கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பார்களே, அந்த வகை. பலன் என்னவென்றால், இளைஞர்களுக்கான எஃப்.ஏ. கோப்பை தொடங்கிய 1953 முதல் 1957 வரை ஐந்து வருஷமும் யுனைடெட் பையன்களே ஜெயித்தார்கள். டங்கன் எட்வர்ட்ஸ், பாபி சார்ல்டன் எல்லாம் அந்தப் பட்டறையில் வந்தவர்கள். 1956லும் 1957லும் இந்தப் பையன்கள்தான் பெரிய அணியில் ஆடி லீக் பட்டத்தை வாங்கித் தந்தார்கள்.

இனி 1958 பிப்ரவரி.

மர்பிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வேல்ஸ் நாட்டு அணிக்கும் அவர்தான் மேலாளர். பிப்ரவரி 5ஆம் தேதி யுனைடெட் அணிக்கு யூகோஸ்லாவியாவில் பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை காலிறுதி. அதே நாள் வேல்ஸுக்குக் கார்டிஃபில் இஸ்ரேலோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். மர்பிக்கு மனசெல்லாம் பெல்கிரேடில். வழக்கமாக விமானத்தில் பஸ்பியின் பக்கத்து இருக்கை அவருடையது. பஸ்பிதான் நாட்டு வேலையைப் பார் என்று அனுப்பி வைத்தார். வேல்ஸ் 2-0 என்று ஜெயித்து உலகக் கோப்பைக்குத் தேர்வானது. யுனைடெட்டும் 3-3 என்று சமன் செய்து அரையிறுதிக்குப் போனது.

மறுநாள், பிப்ரவரி 6. திரும்பி வந்த விமானம் எண்ணெய் நிரப்ப ஜெர்மனியில் மியூனிக்கில் இறங்கியது. ஓடுபாதையில் பனி உருகிச் சேறாய்க் கிடந்தது. இரண்டு தடவை கிளம்பப் பார்த்து நிறுத்தினார்கள். மூன்றாவது தடவை விமானம் மேலே எழும்பாமல் வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது. இருந்தவர்கள் 44 பேர். இறந்தவர்கள் 23 பேர். அதில் ஆட்டக்காரர்கள் மட்டும் எட்டு. மர்பியின் இருக்கையில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பெர்ட் வாலியும் இறந்து போனார்.

கார்டிஃபிலிருந்து சந்தோஷமாக ஓல்ட் டிராஃபோர்டுக்குள் நுழைந்த மர்பியிடம் பஸ்பியின் செயலாளர் அம்மா விஷயத்தைச் சொன்னார். முதலில் அவருக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஏறியதும் அறைக்குள் போய் அழுதார். பிறகு எழுந்து வேலையைத் தொடங்கினார். யார் வீட்டுக்குச் சொல்வது, யார் மியூனிக் போவது, சவப்பெட்டிகள் எப்போது வரும் என்ற வேலை. கழகத்தின் செயலாளர் இறந்துவிட்டார். டிரெய்னர் இறந்துவிட்டார். மேலாளர் ஆஸ்பத்திரியில். மிஞ்சியவர் மர்பி ஒருவர்தான்.

மியூனிக் ஆஸ்பத்திரியில் பஸ்பி ஆக்சிஜன் கூடாரத்துக்குள் கிடந்தார். மர்பியின் கையைப் பிடித்து, தான் வரும்வரை கொடி இறங்காமல் பார்த்துக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டார். அதுதான் நியமன உத்தரவு. அதே ஆஸ்பத்திரியில் டங்கன் எட்வர்ட்ஸ், வயது 21. நினைவு தெளிந்தபோது அவன் மர்பியிடம் கேட்டது, சனிக்கிழமை வுல்வர்ஹாம்ப்டன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது. பிப்ரவரி 21இல் அவனும் போய்விட்டான். மர்பி பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன்.

நம்ம அலுவலகங்களில் ஒருவர் இல்லாதபோது அந்த வேலையைப் பார்ப்பவர் கையெழுத்துக்குக் கீழே (பொ) என்று போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். பொறுப்பு என்பதன் சுருக்கம். வேலை முழுசு, பெயர் அடைப்புக்குறிக்குள். மர்பி அன்றிலிருந்து யுனைடெட்டின் மேலாளர் (பொ).

பதின்மூன்று நாளில், பிப்ரவரி 19ஆம் தேதி, எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். ஆள் வேண்டுமே? மர்பி பையன்களை ஊரின் அழுகைச் சத்தத்திலிருந்து பிரித்து, கடற்கரை ஊரான பிளாக்பூலில் ஒரு ஓட்டலில் தங்க வைத்தார். அங்கிருந்தே எர்னி டெய்லர் என்ற அனுபவசாலியை வாங்கினார். பழைய கோல்கீப்பர் ஜாக் கிராம்ப்டன் இன்னொரு கழகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு டிரெய்னராக ஓடி வந்தார். பிஷப் ஆக்லாந்து என்ற கழகம், சம்பளம் வாங்காமல் ஆடுகிற தன் ஆட்டக்காரர்கள் மூன்று பேரைத் தந்து உதவியது. ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஸ்டான் குரோதரை ஒப்பந்தம் செய்தபோது ஆட்டம் தொடங்க ஒன்றேகால் மணி நேரம்தான் இருந்தது. அந்த சீசனில் கோப்பை ஆட்டத்தில் ஏற்கெனவே வில்லாவுக்காக ஆடியவர் வேறு அணிக்கு ஆடக்கூடாது என்பது விதி. சங்கம் விதியைத் தளர்த்தி அனுமதி கொடுத்தது.

அன்றைய ஆட்ட நிரலில் யுனைடெட் பக்கம் பெயர்களுக்குப் பதிலாகப் பதினொரு வெற்றிடங்கள் அச்சாகியிருந்தன. ஏறத்தாழ 60,000 பேர் வந்திருந்தார்கள். விபத்தில் பிழைத்த கோல்கீப்பர் ஹாரி கிரெக்கும் பில் ஃபோக்ஸும் இறங்கினார்கள். எதிரணி ஷெஃபீல்ட் வெனஸ்டே, 1935இல் மர்பியைத் தோற்கடித்த அதே கழகம். முதல் தடவையாகப் பெரிய அணியில் ஆடிய ஷே பிரெனன் இரண்டு கோல், அலெக்ஸ் டாசன் ஒரு கோல். 3-0. பாவம், அன்றைக்கு ஊரே எதிர்பக்கம் நிற்கும்போது அந்த ஷெஃபீல்ட்காரர்களால் என்ன செய்ய முடியும்?

காலிறுதியில் வந்தது மர்பியின் சொந்தப் பழைய கழகம் வெஸ்ட் பிராம்விச். 2-2, மறுஆட்டத்தில் 1-0. அரையிறுதியில் ஃபுல்ஹாமோடு 2-2, மறுஆட்டத்தில் 5-3. அந்த மறுஆட்டத்தில் டாசன் மூன்று கோல் போட்டான். வயது 18. என் வயசு! நான் அந்த வயதில் அப்ளைடு மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருக்கிறேன்.

மே 3இல் வெம்பிளியில் இறுதி ஆட்டம். சட்டையில் பீனிக்ஸ் பறவை. கைத்தடி ஊன்றிக்கொண்டு பஸ்பி வந்து உட்கார்ந்து பார்த்தார். போல்டன் வாண்டரர்ஸ் 2-0 என்று ஜெயித்தது. இரண்டாவது கோல் கோல்கீப்பரை இடித்துத் தள்ளிப் போட்டது, இன்றைய விதிப்படி ஃபவுல். வெம்பிளி மர்பிக்கு இரண்டாவது தடவையும் கை கொடுக்கவில்லை. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மிலான் அணியை மான்செஸ்டரில் 2-1 என்று வென்று, மிலானில் 4-0 என்று தோற்றார்கள். லீக்கில் விபத்துக்குப் பிறகு ஆடிய 14 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வெற்றி.

கணக்குப் பார்க்கிறவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கழகத்தை இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு அடிபட்ட நேரம் அது.

அந்தக் கோடையில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. மர்பி வேல்ஸைக் கூட்டிப் போனார். மூன்று ஆட்டமும் சமன், பிறகு ஹங்கேரியை 2-1 என்று தோற்கடித்துக் காலிறுதி. பெரிய ஆட்டக்காரர் ஜான் சார்ல்ஸ் காயத்தில் கிடக்க, பிரேசிலோடு கடைசிவரை மல்லுக்கட்டி 1-0 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலைப் போட்டவன் 17 வயது பெலே. அதன்பின் வேல்ஸ் உலகக் கோப்பைக்கு மறுபடி போனது 2022இல்தான்.

அடுத்த சீசன் தொடங்கும்போது பஸ்பி திரும்பி வந்தார். மர்பி நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போனார். வேறு கழகங்கள் மேலாளராக்குகிறோம் என்று கூப்பிட்டும் போகவில்லை. மறுபடி சேறு, மறுபடி சின்னப் பையன்கள்.

இங்கேதான் என் வீட்டுக் காரணம் வருகிறது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் மட்டும்தான். அப்பாவுக்குக் குற்றாலத்தில் சின்னதாய் ஒரு நேந்திரம் சிப்ஸ் கடை. சீசனில் சம்பாதிப்பதுதான் வருஷம் பூராவும் சோறு. போன வருஷம் சரியாக சீசன் ஆரம்பத்தில் அப்பா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. நான் காலேஜுக்கு லீவு போட்டுக் கடையில் உட்கார்ந்தேன். முதல் நாள் பாதிச் சிப்ஸ் கருகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் எண்ணெய்ச் சத்தத்தை வைத்தே பதம் தெரிய ஆரம்பித்தது. அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற வாடிக்கைக்காரர்கள் என்னைச் சின்ன அண்ணாச்சி என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், அது இனித்தது. கையில் காசு. வகுப்பில் நான் கடைசி பெஞ்சு, இங்கே முதலாளி. படிப்பை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். ஓரத்துப் பலகையில் உட்கார்ந்து நான் பொரிப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாக்கெட் கட்டும்போது கைமாறி ஒன்றில் எடை கூடிவிட்டது, அதை மட்டும் எடுத்துச் சரி செய்தார். சாயங்காலம் கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டில் நின்று அழுதேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. வருகைப் பதிவு குறைந்ததற்கு அபராதம் கட்டி வகுப்புக்கு வந்தேன். சைக்கிள் ஷெட்டில் மர்பி கதை கேட்டது அதற்கடுத்த மாதம்.

மர்பி அழுதாரா தெரியாது. 1968இல் யுனைடெட் வெம்பிளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. மியூனிக்கில் பிழைத்த சார்ல்டனும் ஃபோக்ஸும் அந்த அணியில் இருந்தார்கள். சார்ல்டன் இரண்டு கோல் போட்டார். தன்னை உருவாக்கியவர்களில் மர்பிக்குத்தான் அவர் கடைசிவரை முதலிடம் கொடுத்தார். அன்றும் மர்பி துணை மேலாளர்தான். 1971இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 1989இல் காலமானார். யுனைடெட் கழகம் ஒவ்வொரு வருஷமும் தன் சிறந்த இளம் ஆட்டக்காரனுக்குத் தருகிற விருதுக்கு அவர் பெயர். 2023இல் மைதானத்துக்கு வெளியே சிலையும் வைத்தார்கள். கொஞ்சம் தாமதம்தான்.

இந்த வருஷமும் சாரல் கட்டிவிட்டது. சனி, ஞாயிறு நான் கடைக்குப் போகிறேன். அப்பா சட்டி முன்னால், நான் பின்னால் உட்கார்ந்து காய் சீவுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சின்ன அண்ணாச்சி எங்கே என்று கேட்டார். காலேஜுக்குப் போயிருக்கான் என்றார் அப்பா. நான் பின்னாலேதான் இருந்தேன்.