இணையற்ற இணை: எலிசபெத் ரையன்



வளையப்பந்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் ஒற்றையர் ஆட்டத்திற்கு முந்திக்கொண்டு கைதூக்குகிறோம். இரட்டையர் ஆட்டம் என்றால் ஒரு தயக்கம். வென்றால் புகழ் இரண்டாகப் பங்காகிவிடும். தோற்றாலோ குற்றம் யாருடையது என்று இருவருக்குள்ளும் மனத்தாங்கல் வரும். தனியாக நின்று வெல்ல முடியாதவர்களே துணை தேடுகிறார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. அந்த எண்ணம் சரிதானா? இருபது ஆண்டுகளில் விம்பிள்டன் திடலில் பத்தொன்பது பட்டங்களை வென்று, அத்தனையையும் இன்னொருவருடன் பகிர்ந்துகொண்ட ஒரு வீராங்கனையின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு விடை சொல்லுவோம். அவர் பெயர் எலிசபெத் ரையன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த அனாஹைம் என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எலிசபெத் பிறந்தார். வளர்ந்தது சாண்டா மோனிகா என்னும் கடற்கரை நகரில். அந்த வட்டாரத்தில் பெண்களிடையே டென்னிஸ் செழித்திருந்த காலம் அது. தென் கலிபோர்னியாவில் வளர்ந்த மே சட்டன் என்ற இளம்பெண் 1905-இல் இங்கிலாந்து சென்று, விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை முதன்முதலாக அமெரிக்காவிற்குக் கொண்டு வந்தார். அப்போது எலிசபெத்துக்கு வயது பதின்மூன்று. பந்தும் மட்டையும் பிடித்த சிறுமிகளுக்கு விம்பிள்டன் அன்று முதல் எட்டாத ஊராக இல்லை.

1912-இல், இருபதாம் வயதில், எலிசபெத் இங்கிலாந்து சென்றார். சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்தே பெண்கள் விளையாட வேண்டியிருந்த நாட்கள் அவை. அந்த உடையோடு ஓடுவதே கடினம். ஓடி வந்து வலையருகே நின்று பந்தைத் தரையில் படுமுன் மடக்கி அடிப்பது அதனினும் கடினம். எலிசபெத்தின் பலமே அந்த வலையருகு ஆட்டம்தான்.

அவரிடம் இன்னொரு கலையும் இருந்தது. பந்தை நேராக ஓங்கி அடிக்காமல், மட்டையால் கீழ்நோக்கிச் சீவிவிடுவார். அப்படிச் சீவிய பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே செல்லும். தரையில் பட்டதும் எழும்பாமல் தாழ்ந்து வழுக்கும். எதிரில் நிற்பவர் அதைக் குனிந்து எடுத்து மேல்நோக்கித்தான் தூக்கிவிட முடியும். அப்படி மேலே எழும் பந்துக்காக வலையருகே ஒருவர் காத்திருந்தால் புள்ளி நிச்சயம். ஆக, அவருடைய ஆட்டமே இரண்டு பேருக்காக அமைந்த ஆட்டம்!

டென்னிஸ் திடலின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 27 அடி; இரட்டையர் ஆட்டத்தில் பக்கத்திற்கு நாலரை அடி கூட்டி 36 அடி. ஆள் இரு மடங்கானாலும் இடம் இரு மடங்காவதில்லை. எனவே காலோட்டத்தைவிடக் கூர்மையான கோணமும், பொறுமையும், துணைவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பாராமலே அறியும் உணர்வும் வேண்டும். நம் திருவேங்கடத்துக் கரிசல் காட்டில் ஏர் பூட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வலத்து மாடும் இடத்து மாடும் தனித்தனியே எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், நடை ஒத்துப் போகாவிட்டால் உழவு கோணிவிடும்.

1914-இல் ஆக்னஸ் மார்ட்டன் என்ற ஆங்கில வீராங்கனையுடன் இணைந்து எலிசபெத் தம் முதல் விம்பிள்டன் பட்டத்தை வென்றார். வயது இருபத்திரண்டு. அடுத்த சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டது. 1915 முதல் 1918 வரை நான்கு ஆண்டுகள் விம்பிள்டன் போட்டியே நடைபெறவில்லை. ஒரு விளையாட்டு வீராங்கனையின் வாழ்வில் இருபத்துமூன்றிலிருந்து இருபத்தாறு வரையான வயது பொன்னான பருவம். அது அவருக்குப் போரோடு போயிற்று.

போர் முடிந்து 1919-இல் திடல் மீண்டும் திறந்தபோது பிரான்சிலிருந்து இருபது வயது நங்கை ஒருத்தி வந்தாள். சுசான் லெங்லென் என்பது அவள் பெயர். நீண்ட பாவாடையை உதறிக் கெண்டைக்கால் அளவான உடையில், நடனமாடுவதைப் போலப் பந்தை எதிர்கொண்ட அவளைக் கண்டு உலகமே வியந்தது. அந்த லெங்லெனுக்கு இணையாக அமைந்தவர் எலிசபெத். 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகளும், பிறகு 1925-லும் மகளிர் இரட்டையர் பட்டம் இவ்விருவருக்கே. விம்பிள்டனில் இணையாக ஆடிய 31 ஆட்டங்களில் ஒன்றில்கூட இவர்கள் தோற்றதில்லை.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1921-ஆம் ஆண்டு ஒற்றையர் பட்டத்திற்கான இறுதி ஆட்டத்திற்கு எலிசபெத் முன்னேறினார். எதிரே நின்றவர் அவருடைய இணையான லெங்லென்தான். 6-2, 6-0 என்று எலிசபெத் படுதோல்வி அடைந்தார். ஆயினும் அதே ஆண்டு, அதே திடலில், தம்மை வென்றவரின் பக்கத்திலேயே நின்று இரட்டையர் பட்டத்தையும் வென்றார். ராண்டால்ஃப் லைசெட்டுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. தேர்வில் நம்மை முந்திய தோழியிடம் ஒரு வாரம் பேசாமலிருக்கும் நமக்கு, இது எத்தனை பெரிய காரியம் என்பது விளங்கும்.

1924-இல் இருவரும் ஒற்றையர் ஆட்டத்தில் மீண்டும் மோதினர். உடல்நலம் குன்றியிருந்த லெங்லென் 6-2, 6-8, 6-4 என்று தட்டுத்தடுமாறி வென்றார். ஒரு செட்டையும் இழக்காமலே பட்டங்களைக் குவித்துவந்த லெங்லெனிடமிருந்து ஒரு செட்டைப் பறித்தது அந்நாளில் பெரும் செய்தி. நோயின் காரணமாக லெங்லென் அத்துடன் போட்டியிலிருந்து விலகினார். அதனால்தான் இருவரின் வெற்றி வரிசையில் 1924 என்ற ஆண்டைக் காணோம்.

1926-இல் சோதனை வேறு வடிவில் வந்தது. லெங்லென் தம் நாட்டவருடன்தான் இணைய வேண்டும் என்று பிரெஞ்சு டென்னிஸ் சங்கம் வற்புறுத்தியது. ஆறு முறை சேர்ந்து வென்ற இணை பிரிந்தது. லெங்லென் தம் நாட்டுத் தோழி விளாஸ்டோவுடன் இறங்கினார். எலிசபெத் மேரி பிரௌன் என்ற அமெரிக்க வீராங்கனையுடன் இறங்கினார். தொடக்கச் சுற்றிலேயே இவ்விரு இணைகளும் எதிரெதிரே நிற்கும்படி ஆயிற்று. முதல் செட் லெங்லென் பக்கம். இரண்டாம் செட்டில் இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் லெங்லெனுக்கு வெற்றி என்ற கட்டமும் வந்தது. எலிசபெத்தும் பிரௌனும் விட்டுக்கொடுக்கவில்லை. 3-6, 9-7, 6-2 என்று ஆட்டத்தைத் தம் பக்கம் திருப்பினார்கள். முடிவில் பட்டத்தையும் வென்றார்கள். லெங்லென் அதன்பின் விம்பிள்டனில் ஆடவே இல்லை.

அதே 1926-ஆம் ஆண்டு எலிசபெத்துக்கு ஆறாத வடுவொன்றையும் தந்தது. அமெரிக்க ஒற்றையர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய மோலா மல்லோரியை அவர் எதிர்த்து ஆடினார். மூன்றாவது செட்டில் எலிசபெத் 4-0 என்று முன்னணியில் இருந்தார். வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி தேவை என்ற நிலையும் பின்னர் வந்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. மல்லோரி படிப்படியாக மீண்டு 4-6, 6-4, 9-7 என்று வென்றுவிட்டார். பெரும் போட்டிகளின் ஒற்றையர் பட்டத்திற்கு எலிசபெத் அவ்வளவு அருகில் சென்றது அந்த ஒரு முறைதான். ஆனாலும் அவ்வாண்டு அமெரிக்க மகளிர் இரட்டையர் பட்டத்தையும் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் அவர் வென்றார்.

1927-இல் ஹெலன் வில்ஸ் என்ற அமெரிக்க வீராங்கனை அவருக்கு இணையானார். 1921-இல் நடந்த கதை 1930-இல் அப்படியே மீண்டும் நடந்தது. விம்பிள்டன் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில், முப்பத்தெட்டாம் வயதில், எலிசபெத் 6-2, 6-2 என்று ஹெலனிடம் தோற்றார். பின் அதே ஹெலனுடன் நின்று இரட்டையர் பட்டத்தை வென்றார். 1933-லும் 1934-லும் பிரான்சின் சிமோன் மாத்தியூவுடன் மேலும் இரு வெற்றிகள். கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் பன்னிரண்டு, கலப்பு இரட்டையர் ஏழு, ஆகப் பத்தொன்பது. பிரெஞ்சு, அமெரிக்கப் போட்டிகளையும் சேர்த்தால் பெரும் பட்டங்கள் இருபத்தாறு. விம்பிள்டனில் மட்டும் அவருடன் வென்றவர்கள் பத்துப் பேர். பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் என ஆறு நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரு துணையுடன் வெல்வது பழக்கம் என்று சொல்லலாம். பத்துத் துணைகளுடனும் வெல்வது என்றால், அந்த வெற்றிகளின் பொதுக் காரணம் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? இருபத்திரண்டு வயதில் இளையவராகத் துணை நின்ற அவரே, பிற்காலத்தில் தம்மைவிட மிக இளையவர்களுக்கும் துணை நின்றார்.

இத்தனை பட்டங்களுக்கும் பரிசுத் தொகை ஒரு காசும் கிடையாது. பணத்திற்காக ஆடுவோர் விம்பிள்டன் போன்ற போட்டிகளில் பங்கேற்கக் கூடாது என்பது அக்கால விதி. 1968-இல்தான் அது தளர்ந்தது. 1934-க்குப் பிறகு எலிசபெத் தொழில்முறை ஆட்டக்காரராக மாறி, டென்னிஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அன்றோடு அந்தப் புகழ்பெற்ற போட்டியின் கதவு ஆட்டக்காரர் என்ற முறையில் அவருக்கு மூடிக்கொண்டது. பார்வையாளராக அவர் தொடர்ந்து சென்று வந்தார். 1972-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள டென்னிஸ் புகழ்மன்றம் அவர் பெயரைச் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

பத்தொன்பது பட்டங்கள் என்ற அவருடைய சாதனையை 1975-இல் பில்லி ஜீன் கிங் எட்டிப் பிடித்தார். தம் வாழ்நாளில் அது முறியக் கூடாது என்ற ஆசை எலிசபெத்துக்கு இருந்தது என்பார்கள். வாழ்நாளெல்லாம் பங்கிட்டுக்கொண்டவருக்கும் தமக்கென ஒன்றை வைத்துக்கொள்ளும் ஆசை இருந்ததில் வியப்பென்ன? அவரும் நம்மைப் போன்ற மனிதப் பிறவிதானே! 1979 ஜூலை 6 அன்று, எண்பத்தேழாம் வயதில், விம்பிள்டன் போட்டியைக் காண வந்த இடத்திலேயே அவர் மயங்கி விழுந்தார். அன்றே உயிர் நீத்தார். மறுநாள் மார்ட்டினா நவரத்திலோவாவுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு அது இருபதாவது விம்பிள்டன் பட்டம். அவருடைய இருபதில் ஆறு ஒற்றையர் பட்டங்கள். ஆனால் மகளிர் இரட்டையர் பன்னிரண்டு, கலப்பு இரட்டையர் ஏழு என்ற எலிசபெத்தின் எண்ணிக்கைகளை இன்றுவரை எவரும் மிஞ்சவில்லை.

நம் நாட்டு டென்னிஸ் வரலாறும் இணையாட்டத்தின் பெருமையைப் பேசுவதே. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், ஜெய்தீப் முகர்ஜியுடன் சேர்ந்து 1966-இல் மெல்போர்ன் நகரில் நியூகோம், ரோச் என்ற புகழ்பெற்ற ஆஸ்திரேலிய இணையை வென்றார். அந்த டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா பெற்ற ஒரே வெற்றி அதுதான். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும் லியாண்டர் பயசும் 1999-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றனர். 2003-இல் நவரத்திலோவா இருபதாவது விம்பிள்டன் பட்டத்தை எட்டியபோது அவருக்குக் கலப்பு இரட்டையரில் துணை நின்றவர் நம் பயஸ். 2015-இல் சானியா மிர்சா மார்ட்டினா ஹிங்கிசுடன் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்று, அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். எலிசபெத் பன்னிரண்டு முறை வென்ற அதே பட்டம் அது!

தோழியரே, எலிசபெத் ரையன் ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றதை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை. பெரும் போட்டிகளின் மூன்று இறுதி ஆட்டங்களில் அவர் தோற்றார். அவற்றுள் இரண்டில் தம் சொந்த இணையிடமே தோற்றார். தோற்ற கையோடு அதே இணைக்காக வலையருகே சென்று நின்றார் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது. பொறாமை கொண்ட மனத்தால் அந்த இடத்தில் நின்றிருக்க முடியாது. தன்னம்பிக்கை இழந்த மனத்தாலும் முடியாது. தன் திறமை இன்னது என்று அறிந்து, பிறர் திறமையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கே அது கைகூடும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் இருவர், நாட்டியத்தில் எதிரெதிரே இருவர், வளையப்பந்தில் வலைக்கு இப்புறம் இருவர். இணைந்து செய்யும் வேலை நமக்கு நாள்தோறும் வருகிறது. அடுத்த முறை இரட்டையர் ஆட்டத்திற்குப் பெயர் கேட்கும்போது தயங்காமல் கை தூக்குவோம். நம்மை வென்ற தோழியையே துணைக்கு அழைப்போம்!