நிலத்தடியில் ஓடும் நதி: ஜோசப் பசல்ஜெற் கட்டிய லண்டன்

கிழக்கு லண்டனில் வாழும் எம்மவர்களுக்கு கிறீன்வே நடைபாதை நன்கு பழக்கமானது. ஸ்ரற்போர்ட் ஒலிம்பிக் பூங்காப் பக்கம் தொடங்கி, வெஸ்ற்ஹாம், பிளேஸ்ரோ வழியாக நியூஹாம் மருத்துவமனையைத் தொட்டுக்கொண்டு பெக்ரன் வரை போகிறது. சீனி வருத்தத்திற்கு நடக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பிய அப்பாக்களும், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் அம்மாமாரும் காலையிலும் மாலையிலும் அதில் நடக்கிறார்கள். வீடுகளின் கூரை தெரியும் அளவுக்கு அந்தப் பாதை ஏன் உயரமாகப் போகிறது என்று பலர் யோசிப்பதில்லை. வெயில் காலத்தில் இடையிடையே வரும் ஒரு மணம் மட்டும் காரணத்தைச் சொல்லும். அந்தப் பாதைக்குக் கீழே, வட லண்டனின் பெரும்பகுதியின் மலசலக் கழிவு செங்கற் குழாய்களுக்குள் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றைக் கட்டியவர் சேர் ஜோசப் வில்லியம் பசல்ஜெற்.

பசல்ஜெற் என்பது ஆங்கிலப் பெயரல்ல. அவருடைய பாட்டனார் தெற்கு பிரான்சின் மலைப்பக்கக் கிராமமான இஸ்பஞாக்கில் இருந்து வந்த தையற்காரர். ஊசியும் நூலுமாக லண்டன் வந்தவர், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசருக்கே உடுப்புத் தைக்கும் நிலைக்கு உயர்ந்து பெரும் பணக்காரரானார். தையற்காரரின் மகன் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியாகி, நெப்போலியனுக்கு எதிரான போரில் காயப்பட்டார். பேரன்தான் எங்கள் கதைக்குரியவர். பிறந்தது 1819 மார்ச் 28, என்ஃபீல்டில். என்ஃபீல்ட் என்றதும் எங்களுக்கு நாகபூசணி அம்மன் கோயில் ஞாபகம் வரும், அந்தப் பக்கம்தான். வந்தேறிக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை இந்த நகரத்துக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால், இந்தப் பெயரைச் சொல்லலாம்.

இளவயதில் அவர் தொழில் பழகியது அயர்லாந்தில், சேர் ஜோன் மக்நீல் என்ற பொறியியலாளரின் கீழ். சதுப்பு நிலத்தில் இருந்து நீரை வடித்து நிலத்தை மீட்கும் வேலை. அந்தச் சேற்று அனுபவம்தான் பின்னர் கை கொடுத்தது. 1840களில் லண்டனில் சொந்தமாக அலுவலகம் திறந்தார். இங்கிலாந்து முழுவதும் ரயில் பாதை போடும் பித்துப் பிடித்திருந்த காலம் அது. வரைபடம் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லாமல் இரவு பகலாக வேலை செய்து, 1847 இல் மனமும் உடலும் உடைந்து படுத்துவிட்டார். அப்போது வயது 28. மணம் முடித்து இரண்டு வருடம்தான். தொழிலை விட்டுவிட்டு நகரத்துக்கு வெளியே போய் ஓய்வெடுத்தார். இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடி விழுந்த எங்கள் ஆட்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். அவர் எழும்பி வந்தார். 1849 இல் லண்டன் கழிவுநீர் ஆணையத்தில் உதவி அளவையாளர் வேலை கிடைத்தது.

அந்த நேரத்து லண்டன் எப்படி இருந்தது? வீடுகளுக்குக் கீழே சுமார் 2 இலட்சம் மலக்குழிகள். முன்பெல்லாம் இரவில் ஆட்கள் வந்து அள்ளி வண்டியில் ஏற்றித் தோட்டக்காரருக்கு உரமாக விற்பார்கள். நகரம் பெருத்துத் தோட்டங்கள் தூரமாகிப் போக, அள்ளும் கூலி ஏறியது. ஏழைகளின் குழிகள் நிரம்பி வழிந்தன. தண்ணீர் ஊற்றும் மலகூடங்கள் வந்து நிலைமையை இன்னும் மோசமாக்கின. 1848 இல் ஆணையம் ஒரு முடிவெடுத்தது: மலக்குழிகளை மூடி, எல்லா வீட்டையும் மழைநீர் வாய்க்காலோடு இணைக்க வேண்டும். வாய்க்கால்கள் அனைத்தும் விழுவது தேம்ஸ் நதியில். குடிதண்ணீர் எடுப்பதும் அதே தேம்ஸில். நல்ல நோக்கத்தோடு, ஒரு நகரத்தின் மலம் முழுவதையும் அதன் குடிதண்ணீருக்குள் விட்டார்கள்.

வங்காளக் கழிமுகத்தில் இருந்து கப்பலேறி வந்த கொலரா, 1848-49 இல் லண்டனில் 14,000 பேருக்கு மேல் கொன்றது. 1853-54 இல் மறுபடி வந்து 10,000 பேருக்கு மேல். நாற்றக் காற்றுத்தான் நோயைப் பரப்புகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். தண்ணீரில்தான் வருகிறது என்று வைத்தியர் ஜோன் ஸ்நோ 1854 இல் புறோட் வீதிப் பம்பை ஆதாரமாகக் காட்டியும் மேலிடம் ஏற்கவில்லை. பசல்ஜெற்றும் நாற்றக் கட்சிதான். நாற்றத்தை அகற்ற வேண்டும் என்று நினைத்து அவர் செய்த வேலை, தற்செயலாகத் தண்ணீரைக் காப்பாற்றியது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. எங்களுக்கு ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்கு மேலே ஒரே வளவுக்குள் கிணறும் மலகூடக் குழியும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி விடவேண்டும் என்று வீடு கட்டும்போது பெரியவர்கள் சண்டை பிடித்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் குழித் தண்ணீர் சுலபமாகக் கிணற்றைத் தேடிப் போகும்.

1852 இல் தலைமைப் பொறியியலாளர் பிராங்க் போஸ்ரர் இறந்துவிட, அந்தப் பொறுப்பு பசல்ஜெற்றிடம் வந்தது. 1856 இல் ஆணையத்துக்குப் பதிலாக லண்டன் பெருநகர வேலைகள் சபை அமைந்தபோதும் அவரே பிரதம பொறியியலாளர். அந்த வேலைக்கு அவரை ஆதரித்தவர்களில் பேர்போன புறுணலும் ஒருவர். திட்டம் தயார், பணம் இல்லை. எங்கே கொண்டுபோய் விடுவது என்று சபையும் அரசாங்கமும் இரண்டு வருடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. அதிகாரம் ஒரு இடத்தில், பொறுப்பு வேறொரு இடத்தில் இருக்கும் எந்த மாநகரசபையிலும் நடப்பதுதான்.

முடிவைக் கொண்டு வந்தது 1858 கோடை. ஜூன் மாத வெக்கையில் தேம்ஸ் அவிந்து நாறியது. அதன் கரையில் புதிதாகக் கட்டிய பாராளுமன்றத்தில் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் இருக்க முடியவில்லை. டிஸ்ரேலி கொண்டுவந்த சட்டம் 18 நாட்களில் நிறைவேறியது. 30 இலட்சம் பவுண் கடன் எடுக்கவும், அரசாங்கத்திடம் திரும்பத் திரும்ப அனுமதி கேட்காமல் வேலை செய்யவும் சபைக்கு உரிமை கிடைத்தது. இரண்டு கொலராவில் 24,000 பேர் செத்தபோது அசையாத பாராளுமன்றம், தன் மூக்குக்கு வந்தபோது அசைந்தது.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. தெருக்களில் இருந்து நதியை நோக்கி வரும் வாய்க்கால்களைக் குறுக்கே மறிக்கும் பெரிய கால்வாய்களை, நதிக்குச் சமாந்தரமாக மேற்கில் இருந்து கிழக்கே கட்டுவது. வடக்கே மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டங்கள். இயன்றவரை மண்ணின் சரிவிலேயே தண்ணீர் ஓடவேண்டும். ஒரு மைலுக்குச் சுமார் 2 அடி இறக்கம். சரிவு தீர்ந்த இடத்தில் நீராவி இயந்திரத்தால் ஏற்றுவது. தெற்கில் டெப்ற்போர்ட், குறொஸ்னெஸ். வடக்கில் வெஸ்ற்ஹாம் அருகே அபே மில்ஸ். இன்றும் நிற்கும் அபே மில்ஸ் கட்டடத்தை முதன்முறை பார்ப்பவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள். மலத்தை ஏற்றும் இடத்துக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கு அது பிடிக்கும். மக்களின் கழிவைக் கையாளும் இடமும் மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்த ஒரு காலம்.

82 மைல் பிரதான கால்வாய்கள், சுமார் 1,100 மைல் தெரு வாய்க்கால்கள், 318 மில்லியன் செங்கற்கள். அத்தனையும் வண்டிகளும் மனிதரும் நெருக்கும் தெருக்களுக்குக் கீழே, பெரும்பாலும் மண்வெட்டியாலும் கையாலும். சிறிய வாய்க்கால்களை முட்டை வடிவில் கட்டினார்கள்; அடிப்பக்கம் ஒடுங்கி இருப்பதால் தண்ணீர் குறைந்த நேரத்திலும் வேகம் குறையாது, கழிவு தேங்காது. அன்றைக்கு புதிதாக வந்திருந்த போர்ட்லண்ட் சீமெந்தைப் பயன்படுத்தத் துணிந்தார். அது தண்ணீருக்குள் இறுகும், ஆனால் கலவை பிழைத்தால் வெடித்துவிடும். அதனால் வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதிச் சீமெந்தையும் சோதித்துத் தேறியதை மட்டுமே எடுக்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தார். ஒப்பந்தக்காரரை நம்பி விடவில்லை. 160 வருடம் கழித்தும் அந்தச் செங்கற்கள் அசையாமல் இருப்பதற்கு இந்தச் சலிப்பூட்டும் வேலைதான் காரணம்.

1865 ஏப்ரல் 4 இல் வேல்ஸ் இளவரசர் குறொஸ்னெஸ் நிலையத்தைத் திறந்து வைத்தார். விழாவும் விருந்தும் நடந்தன. ஆனால் கிழக்கு லண்டனின் தாழ்ந்த பகுதிக்கான இணைப்பு முடியவில்லை. அபே மில்ஸ் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1866 கோடையில் கொலரா வந்தபோது, புதிய கால்வாய்களோடு இணைந்த பகுதிகள் பெரிதும் தப்பின. இணையாத கிழக்கு முனையில் 5,596 பேர் இறந்தார்கள். துறைமுகக் கூலிகளும், கப்பலில் வந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்ட பிறநாட்டாரும் வாழ்ந்த பகுதி அது. நேரடிக் காரணம் ஒரு தண்ணீர்க் கம்பனி. கிழக்கு லண்டன் தண்ணீர்க் கம்பனி, ஓல்ட் போர்ட்டில் மூடாமல் கிடந்த நீர்த்தேக்கத்தில் இருந்து வடிகட்டாத தண்ணீரைக் குழாயில் விட்டிருந்தது. புள்ளிவிபர அதிகாரி வில்லியம் பார், இறந்தவர்களின் விலாசங்களை அந்தக் கம்பனியின் விநியோகப் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். நாற்றக் கொள்கையை நம்பியிருந்த பாரே அதன் பிறகு மனம் மாறினார். 1868 இல் அபே மில்ஸ் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு லண்டனில் கொலரா பெருநோயாகப் பரவியதேயில்லை. 1892 இல் ஹம்பேர்க் நகரம் கொலராவில் ஆயிரக்கணக்கானோரை இழந்தபோதும் லண்டன் தப்பியது.

2009 இல் எம்மவர்கள் நாட்கணக்காக நின்ற பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்து சில நிமிடம் நடந்தால் விக்ரோரியா எம்பாங்க்மென்ற். அந்தத் தெரு முழுவதும் முன்பு நதி. கீழ்மட்டக் கால்வாயை ஸ்ற்ராண்ட் வீதியின் கீழே வெட்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்று, பசல்ஜெற் நதியையே ஒடுக்கிக் கற்சுவர் எழுப்பினார். சுவருக்குப் பின்னால் கழிவுக் கால்வாய், எரிவாயுக் குழாய், நிலக்கீழ் ரயில். மேலே அகன்ற வீதியும் பூங்காவும். 1870 இல் திறந்தார்கள். அந்தப் பூங்காவுக்குள் யோர்க் நீர்வாசல் என்று பழைய கல் வளைவு ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் படகில் வந்து இறங்கிய படித்துறை அது. இன்று அதில் இருந்து ஆற்றுக்கு நடந்து போகவேண்டும்.

அவரிடம் பிழையும் இருந்தது. கழிவைச் சுத்திகரிக்கவில்லை, பெக்ரனிலும் குறொஸ்னெஸிலும் தேக்கி வைத்து, வற்றுப்பெருக்கு இறங்கும்போது நதிக்குள் திறந்துவிட்டார். லண்டன் மணக்கவில்லை, பார்க்கிங் மணந்தது. அங்கத்தைய மக்கள் முறையிட்டபோது, தங்கள் கழிவல்ல காரணம் என்று சபையும் அவரும் வாதாடினார்கள். 1878 செப்டெம்பர் 3 இல் பிரின்சஸ் அலிஸ் என்ற உல்லாசக் கப்பல் அந்த இடத்துக்கு அருகில் மோதி மூழ்கி 600 பேருக்கு மேல் மாண்டார்கள். சற்று முன்னர்தான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. அந்தத் தண்ணீரில் விழுந்தவர்கள் நீந்திக் கரைசேர என்ன வாய்ப்பு இருந்திருக்கும் என்ற கேள்வி எழுந்தது. 1880களில் அரச விசாரணைக் குழு சபைக்கு எதிராகவே முடிவு சொன்னது. அதன் பிறகு மண்டியைப் பிரித்தெடுத்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். முதற் கப்பலுக்கு பசல்ஜெற் என்றே பெயர் வைத்தார்கள். கடலில் கொட்டுவது 1998 இல்தான் நின்றது.

சேர் பட்டம், பொறியியலாளர் நிறுவனத்தின் தலைமை எல்லாம் வந்தன. பட்னி, பற்றர்சி, ஹமர்ஸ்மித் பாலங்களும் ஷாவ்ற்ஸ்பரி அவெனியூவும் சாரிங் குறொஸ் வீதியும் அவருடைய காலத்து வேலைகள். கூலி கேட்டுக்கொண்டிருந்த தனியார் பாலங்களைச் சபை விலைக்கு வாங்கி மக்களுக்கு இலவசமாக்கியது. கிழக்குப் பகுதிக்கும் ஏதாவது இலவசமாக வேண்டும் என்ற கோரிக்கையில் பிறந்தது 1889 மார்ச்சில் தொடங்கிய வூல்விச் படகுச் சேவை. காரோடு ஏறினாலும் இன்றுவரை காசு கேட்பதில்லை. படகு தொடங்கிய அதே மாதத்தில் சபை கலைந்தது. அதிகாரிகள் சிலரின் காணி ஊழல் அதன் பெயரைக் கெடுத்திருந்தது. 33 வருடம் பிரதம பொறியியலாளராக இருந்த பசல்ஜெற் ஓய்வு பெற்றார்.

1891 மார்ச் 15 இல் விம்பிள்டனில் காலமானார். பதினொரு பிள்ளைகளின் தகப்பன். கல்லறை அங்குள்ள சென் மேரீஸ் தேவாலய வளவில் இருக்கிறது. விம்பிள்டன் கணபதி கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் மேட்டுப்பக்கம் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.

மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் போவதால், பலத்த மழையில் கால்வாய் நிரம்பித் தேம்ஸில் வழியும்படிதான் அவர் அமைத்திருந்தார். சனத்தொகை பல மடங்காகி அந்த வழிதல் வாராவாரம் நடப்பதாயிற்று. அதைப் பிடிக்க நதிக்குக் கீழே 25 கிலோமீற்றர் நீளத்தில் வெட்டிய புதிய சுரங்கம் 2025 பெப்ரவரியில்தான் முழுமையாக இணைக்கப்பட்டது. அந்தச் சுரங்கமும் வந்து சேரும் இடம் அபே மில்ஸ்.

2017 செப்டெம்பரில் வைற்சப்பல் தெருவின் கீழே, பழைய கால்வாய் ஒன்றுக்குள் 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையுமான கொழுப்புக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. சமையல் எண்ணெயும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து கல்லாக இறுகியது. அதை வெட்டி எடுக்க ஆட்கள் இறங்கி வாரக்கணக்காக வேலை செய்தார்கள். மிளகாய் பொரித்த எண்ணெயைச் சட்டியோடு சிங்குக்குள் கவிழ்க்கிற பழக்கம் எங்கள் குசினிகளிலும் உண்டு. ஆறவைத்துப் போத்தலில் ஊற்றி எறிவது அப்படியொன்றும் கஷ்டமான வேலையில்லை.