காணி மக்களின் வாழ்க்கையை 140 வருஷத்துக்கு முன்னாடியே எழுதிய பாதிரியார்: யார் இந்த சாமுவேல் மட்டீர்?

குமரி மாவட்டம் அருமனையில் இருந்து கடையாலுமூடு வழியா மலைப்பக்கம் போற பஸ்ஸில் ஏறினா, வரிசையா வர்ற ஊர்ப் பேர்களைக் கவனிங்க. ஆறுகாணி, பத்துகாணி. தமிழில் காணி என்றால் நிலம், வழிவழியா வந்த நில உரிமை. இந்த மலைகளில் காலங்காலமா வாழ்ந்து வரும் பழங்குடி மக்களுக்கும் அதே பெயர்தான். அவர்கள் காணிக்காரர்.

இவர்களைப் பற்றி அச்சுப் புத்தகத்தில் விரிவா எழுதிய முதல் சிலரில் ஒருவர் சாமுவேல் மட்டீர். லண்டன் மிஷன் பாதிரியார். திருவனந்தபுரத்தில் இருக்கும் மட்டீர் நினைவு தேவாலயத்தைப் பலருக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இவர்தான்.

கலவர நேரத்தில் வந்த இளைஞர்

மட்டீர் பிறந்தது 1835-ல். திருவிதாங்கூருக்கு வரும்போது வயசு 25-கூட ஆகவில்லை. முதலில் பணியாற்றிய இடம் பாறசாலை. இன்றைக்கு அது கேரளா, அருமனை தமிழ்நாடு. அன்றைக்கு இரண்டும் ஒரே ராஜாவின் நாடு.

அவர் வந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. தோள்சீலைக் கலவரம் தெற்குத் திருவிதாங்கூரை உலுக்கிக்கொண்டிருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கு எதிரா வீடுகளும் கோவில்களும் தாக்கப்பட்டன. 1859 ஜூலையில்தான் உத்திரம் திருநாள் மகாராஜா அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதி கொடுத்து அறிக்கை வெளியிட்டார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி அணியக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்கு 4 வருஷம் முன்னாடி, 1855-ல்தான் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்திருந்தது. சட்டத்தில் மட்டும்.

இந்தச் சூழலில் ஓர் இளம் பாதிரியார் பிரசங்கம் மட்டும் செய்துவிட்டுப் போகலாம். மட்டீர் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். எந்தச் சாதி எங்கே நிற்கணும், எவ்வளவு தூரம் விலகணும், என்ன சாப்பிடுவாங்க, எந்தச் சாமியைக் கும்பிடுவாங்க, கல்யாணம், சாவு, கூலி, பாட்டு என்று எல்லாமே. அவருக்குச் செடிகொடி ஆர்வமும் உண்டு. லண்டனில் இருக்கும் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர்கள் அமைப்பில் உறுப்பினர். செடிகளை வகை பிரிக்கிற அதே பழக்கம் மனிதர்களைப் பற்றி எழுதும்போதும் வந்துவிட்டதோ என்று சில இடங்களில் தோன்றும்.

பாறசாலைக்குப் பிறகு திருவனந்தபுரம். 1871-ல் லண்டனில் முதல் பெரிய புத்தகம் வெளியானது. திருவிதாங்கூர் ராஜாக்கள் தங்கள் நாட்டை தர்ம பூமி என்று பெருமையா சொல்லிக்கொள்வார்கள். அதையே ஆங்கிலத்தில் தலைப்பாக வைத்தார். உள்ளே இருப்பது முழுக்கப் புகழ்ச்சி இல்லை. யாருக்குத் தர்மம், யாருக்கு இல்லை என்று படிப்பவருக்கே புரிந்துவிடும். அடுத்தது 1883-ல் வந்த, திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கையைப் பற்றிய புத்தகம். காணிக்காரர் வருவது இதில்தான்.

அன்றைய காணி வாழ்க்கை எப்படி இருந்தது?

மூங்கிலும் ஈத்தையும் வைத்துக் கட்டிய குடில்கள். யானைக்குப் பயந்து மரத்து மேல் கட்டிய ஏறுமாடம். காட்டில் ஓரிடத்தை வெட்டி, எரித்து, சாம்பல் மண்ணில் மலைநெல் விதைப்பார்கள். மண் சத்து குறைந்தால் அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த இடம். தேன், கிழங்கு, வேட்டை இதெல்லாம் கூடவே.

குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. வழக்கு தீர்ப்பதும், காட்டை எப்போ வெட்டுவது என்று முடிவு செய்வதும் அவர் வேலை. அவருக்குத் துணையா விளிக்காணி. பெயரே சொல்கிறது, ஆட்களை விளித்துக் கூட்டுபவர். மூன்றாமவர் பிலாத்தி. வைத்தியரும் அவரே, பூசாரியும் அவரே.

யாருக்காவது தீராத நோய் வந்தால் பிலாத்தி கொக்கரையை எடுப்பார். ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய இரும்புக் குழல் அது. இன்னொரு இரும்புக் கம்பியால் உரசினால் கரகரவென்று தாளம் வரும். அந்தத் தாளத்தில் ராத்திரி முழுக்கப் பாடுவது சாற்றுப்பாட்டு. விதைக்கும் முன்பும் அறுவடையின்போதும் கொடுதி என்ற படையல். முன்னோர் ஆவிகள், சாஸ்தா, மலைத் தெய்வங்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. அகத்தியரைத் தங்கள் குருவாகவே நினைக்கிறார்கள்.

கல்யாண விஷயத்திலும் கணக்கு உண்டு. சமூகமே அண்ணன்தம்பி, மச்சம்பி என்று இரண்டு பிரிவு. ஒரே பிரிவுக்குள் பெண் எடுக்கக் கூடாது. நம்ம ஊர்ப் பங்காளி, மாமன் மச்சான் கணக்கு மாதிரிதான்.

வருஷத்துக்கு ஒருமுறை தேன், மூங்கில், வாழைக்குலை என்று மலைப்பொருட்களைச் சுமந்துகொண்டு திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போவார்கள். ராஜா பதிலுக்குத் துணி, பணம் கொடுப்பார். ராஜாங்கமே இல்லாத இந்தக் காலத்திலும் ஓணம் நேரத்தில் கவடியார் அரண்மனைக்குக் காணி மக்கள் தேனோடு போவதை மலையாளச் சேனல்கள் காட்டுகின்றன.

மட்டீரை எப்படிப் படிக்கலாம்?

இங்கேதான் கொஞ்சம் கவனம் வேணும். மட்டீர் எழுதியது ஆங்கிலத்தில், படித்தது இங்கிலாந்து வாசகர்கள். மிஷனுக்கு ஆதரவு திரட்டுவதும் அந்தப் புத்தகங்களின் ஒரு நோக்கம். கொடுதியும் சாற்றுப்பாட்டும் அவர் காலத்துப் பாதிரியார்களுக்குப் பேய் வழிபாடு, அவ்வளவுதான். பிலாத்தி ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை வைத்தியமா பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையைப் பார்க்கலாம். வட அமெரிக்காவின் பனிக்காட்டில், கரிபூ மான் கூட்டங்களை நம்பி வாழும் குவிச்சின் மக்களிடம் 1862-ல் ராபர்ட் மெக்டொனால்ட் என்ற பாதிரியார் போய்ச் சேர்ந்தார். அவருடைய அம்மாவே வேறொரு பழங்குடியைச் சேர்ந்தவர். குவிச்சின் பெண்ணையே கல்யாணம் செய்து, அவர்கள் மொழிக்கு எழுத்து முறை உருவாக்கி, 1898-ல் முழு பைபிளையும் அந்த மொழியில் கொடுத்தார். மதம் மாற்றத்தான் அவரும் போனார். ஆனாலும் அந்த மக்கள் கையில் அவர்கள் மொழியிலேயே ஒரு புத்தகம் மிஞ்சியது.

காணிக்காரருக்கு அது நடக்கவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அவர்கள் பேச்சுக்கு மலம்பாஷை என்று பெயர். மட்டீர் காலத்தில் அதில் புத்தகம் எதுவும் இல்லை. அவர்களைப் பற்றிய புத்தகம் மட்டும் வந்தது. அதை அவர்களால் படிக்க முடியாது.

ஆனாலும் மட்டீரின் குறிப்புகள் வீணாகவில்லை. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் அவர் எழுதியதைப் பல இடங்களில் எடுத்தாள்கிறது. இன்றைக்கும் குமரி வரலாறு எழுதுபவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அவர் தவறவிட்டது எவ்வளவு என்று காட்ட ஒரு செடி போதும். ஆரோக்கியப்பச்சைக்கு 1788-லேயே ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் லத்தீன் பெயர் வைத்துவிட்டார்கள். அதன் காயைத் தின்றால் மலையேறும் களைப்பு தெரியாது என்பது காணிகளுக்கு மட்டுமே தெரியும். 1987-ல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் கூட வந்த காணிகளைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. 1995-ல் 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கைமாறியது. வருமானத்தில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்கு விலை கொடுத்த முன்மாதிரியா உலக அளவில் இன்றும் பேசப்படும் ஒப்பந்தம் இது.

மட்டீர் 1893-ல் இறந்தார். 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரிந்தபோது அவர் எழுதிய திருவிதாங்கூரும் இரண்டானது. பாறசாலை அந்தப் பக்கம், அருமனை இந்தப் பக்கம். பத்துகாணி மலையில் நிற்கும் காணி குடும்பத்துக்கு இப்போ கொழுந்தியாள் வீடு கேரளாவில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். மலைநெல் விளைந்த சரிவுகளில் ரப்பரும் மரச்சீனியும் நல்லமிளகும் நிற்கின்றன. கொக்கரை வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.