பொம்மைகளுக்கு இருதயம் கொடுத்தவர்

1703-ம் ஆண்டு. ஜப்பானில் ஒஸாகா நகரத்தில், ஸோனெஸாக்கி கோவிலை ஒட்டிய தோப்பிலே இரண்டு பிணங்கள் கிடந்தன. ஒருவன் சோயா சாஸ் கடைக் குமாஸ்தா. மற்றவள் ஒரு கணிகை. சேர்ந்து வாழ வழி காணாத இருவரும் சேர்ந்தே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் இதே பேச்சு.

ஒரு மாதம் கழிந்தது. அதே ஊரில், டோடோன்போரி என்ற நாடகத் தெருவில் இருந்த டக்கேமோட்டோ கொட்டகையில், அந்தக் குமாஸ்தாவும் கணிகையும் பொம்மைகளாக மேடை ஏறினார்கள். ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். கடனில் மூழ்கிக் கிடந்த கொட்டகை இந்த ஒரே நாடகத்தினால் கரையேறியது. எழுதியவர் சிக்கமட்சு மொன்ஸாயெமொன். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

இன்று ஜப்பானியக் காதல் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் விரும்பிப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கதாநாயகன் அசகாய சூரன் அல்ல. பேச வேண்டிய இடத்தில் வாய் திறக்கமாட்டான். தப்பு செய்வான், செய்த தப்பை எண்ணித் தவிப்பான். பார்க்கிற நமக்கோ அவனைத் திட்டவும் மனம் வராது, விட்டுவிடவும் மனம் வராது. இப்படிப்பட்ட மனிதனுக்கு ஜப்பானிய மேடையில் நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தவர் சிக்கமட்சுதான்.

அவர் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். 1653-ல் எச்சிஸன் பிரதேசத்தில் ஸாமுராய் குலத்தில் பிறந்தார். இயற்பெயர் ஸுகிமோரி நொபுமோரி. தகப்பனார் பிரபுவிடம் இருந்த உத்தியோகத்தை இழந்ததும் குடும்பம் கியோட்டோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அரசவைப் பிரபுக்களின் வீடுகளில் இளைஞர் ஊழியம் பார்த்தார். வாளைப் பிடிக்க வேண்டிய கை எழுதுகோலைப் பிடித்தது. அந்நாளில் அது கௌரவமான தொழில் அல்ல. நாடகப் புத்தகத்தில் ஆசிரியர் பெயரைப் போடும் வழக்கமே அரிது. சிக்கமட்சு தம் பெயரைப் போட்டுக்கொண்டார்.

பொம்மை நாடகத்தில் ஒருவர் ஷாமிஸென் வாத்தியத்தின் துணையோடு கதை முழுவதையும் பாடிச் சொல்வார். இந்தக் கலையில் நிகரற்றவர் டக்கேமோட்டோ கிடாயு. 1684-ல் ஒஸாகாவில் சொந்தக் கொட்டகை திறந்தவர் அவர். அவருக்காகச் சிக்கமட்சு 1685 முதல் எழுதலானார். நடுவில் சில ஆண்டுகள் ஸக்காட்டா டோஜுரோ என்ற பெரிய நடிகருக்காகக் கபுக்கி நாடகங்களும் எழுதினார். பிறகு பொம்மைகளிடமே திரும்பிவிட்டார். நடிகர்கள் வசனத்தை இஷ்டம்போல் மாற்றுவார்கள், பொம்மைகள் மாற்றுவதில்லை!

ஸோனெஸாக்கி நாடகத்துக்கு வருவோம். கடை முதலாளி டோக்குபேயின் சொந்த மாமாதான். தம் மனைவியின் உறவுப் பெண்ணை அவனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்கிறார். அவன் மறுக்கிறான், ஆகவே சிற்றன்னை வாங்கிக்கொண்ட சீதனப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். பெரும்பாடுபட்டுப் பணத்தை அவளிடமிருந்து மீட்கிறான். மீட்டவன் நேரே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதானே? சிநேகிதன் ஒருவன் கண்ணீர் விட்டான் என்று அவனுக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிடுகிறான். சிநேகிதன் கடனே வாங்கவில்லை என்று சாதித்து, நடுத்தெருவில் ஆள் வைத்து அடிக்கிறான்.

அன்று இரவு டோக்குபே ஓஹாட்சுவின் விடுதித் திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். மேலே அந்தத் துரோகி உட்கார்ந்து அவனையே ஏசுகிறான். ஓஹாட்சு தன் பாதத்தால் காதலனைத் தொட்டு, சாகத் துணிந்தானா என்று குறிப்பாய்க் கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தைப் பற்றித் தன் கழுத்தின் குறுக்கே இழுத்துக் காட்டுகிறான். வாயால் பேச முடியாத இடத்தில் பேசிய இந்தச் சைகைக்கு ஈடாக ஒரு காதல் வசனத்தை நான் அறியேன்.

1715-ல் வேறு விதமான வெற்றி. கிடாயு காலமான மறு வருஷம் கொட்டகையைத் தாங்கிப் பிடிக்க எழுதிய வீர நாடகம் ‘கொக்குஸென்யா யுத்தம்’ தொடர்ந்து 17 மாதம் நடந்தது. ஆனால் அவருடைய தலைசிறந்த படைப்பு, 67-வது வயதை ஒட்டி எழுதிய ‘அமிஜிமா’ என்றே பலர் சொல்வார்கள்.

அதில் காகித வியாபாரி ஜிஹேய்க்கு மனைவி ஓஸான், இரண்டு குழந்தைகள். அவனோ கொஹாரு என்ற கணிகையிடம் மனத்தைப் பறிகொடுத்துக் கடையைக் கவனிக்காமல் கிடக்கிறான். கொஹாரு திடீரென்று அவனைக் கைவிடுகிறாள். துரோகி என்று எண்ணி அழுகிறான். உண்மையில் கணவனின் உயிரைக் காப்பாற்றித் தரும்படி ஓஸான்தான் அவளுக்கு இரகசியமாகக் கடிதம் எழுதியிருந்தாள். கொஹாரு சொன்ன சொல்லைக் காத்தாள். அவளை வேறொருவன் விலைக்கு மீட்கப் போகிறான் என்று தெரிந்ததும், அவள் செத்துப்போவாள் என்பது ஓஸானுக்குத்தான் புரிகிறது. தன் பட்டாடைகளையும் குழந்தைகளின் துணிகளையும் அடகுக்கு எடுத்துவைத்து, அவளை மீட்டுவரப் பணம் திரட்டுகிறாள்! அந்தச் சமயம் பார்த்துத் தகப்பனார் வந்து ஓஸானை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

காதலர்கள் சாகும்போதும் ஓஸானுக்குக் கூச்சப்படுகிறார்கள். இருவரும் ஒரே இடத்தில் பிணமாய்க் கிடந்தால் அவள் மனம் புண்படும் என்று தனித்தனி இடத்தில் உயிர் விடுகிறார்கள். ஜிஹேய் உதவாக்கரை, சந்தேகமில்லை. ஆனால் அவனைச் சுற்றி நின்ற இரண்டு பெண்களின் கண்களால் அவனைப் பார்க்க வைத்துவிடுகிறார் ஆசிரியர்.

இத்தகைய நாடகங்களுக்குக் கெட்ட பலனும் இருந்தது. காதல் தற்கொலைகள் பெருகின. 1723-ல் அரசாங்கம் இவ்வகை நாடகங்களைத் தடை செய்தது. தப்பிப் பிழைத்த ஜோடிகளை மூன்று நாள் பொது இடத்தில் நிறுத்தி அவமானப்படுத்தவும், இறந்தவர்களுக்கு முறையான அடக்கத்தை மறுக்கவும் உத்தரவிட்டது. பழி நாடகத்தின் மேல் மட்டும் விழுந்தது. பெண்களை விலைக்கு வாங்கிய விடுதிகள் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கலை, மெய்க்கும் பொய்க்கும் இடையேயுள்ள மெல்லிய சவ்வில் இருக்கிறது என்பது சிக்கமட்சுவின் கருத்து. 1738-ல் வெளிவந்த ஒரு நூலில் இது பதிவாகியிருக்கிறது. உதாரணமாக அவர் ஒரு கதை சொன்னாராம். ஒரு சீமாட்டி தன் காதலனை அப்படியே மரத்தில் செதுக்கச் செய்தாள். தோலின் துவாரம்கூட விடுபடவில்லை. அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் அவளுக்கு அருவருப்புத் தட்டியது, காதலே ஆறிப்போயிற்று.

தடை வந்த பின் சிக்கமட்சு நெடுநாள் இருக்கவில்லை. 1725 ஜனவரியில் காலமானார். ஒரு பொம்மையை மூன்று பேர் இயக்கும் முறை 1734-ல்தான் வந்தது. அவர் காலத்தில் ஒரு பொம்மைக்கு ஓர் ஆள்தான். ஸோனெஸாக்கி நாடகம் நீண்ட காலம் மேடை காணாமல் கிடந்து, 1953-ல் கபுக்கியிலும் 1955-ல் பொம்மை மேடையிலும் மறுபிறப்பு எடுத்தது. 1954-ல் டைரக்டர் மிஸோகுச்சி அவருடைய இன்னொரு காதல் கதையைப் படமாக்கினார். 1969-ல் ஷினோடா ‘அமிஜிமா’வைப் படமாக்கியபோது, கறுப்புடை அணிந்த பொம்மலாட்டக்காரர்களை மனித நடிகர்களுக்கு நடுவிலேயே நடமாட விட்டார். மனைவி ஓஸானாகவும் கணிகை கொஹாருவாகவும் அதில் நடித்தவர் ஒரே நடிகை, ஷிமா இவாஷிடா.