செஞ்சிலுவை கண்ட செம்மல்

போர்க்களத்தில் வென்றோர் பெயரைச் சரித்திரம் பொன்னெழுத்திற் பொறித்து வைத்திருக்கின்றது. அக்களத்தில் வீழ்ந்து கிடந்தோருக்குத் தண்ணீர் வார்த்தோர் பெயரையோ பலர் அறியார். அத்தகையோருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் ஹென்றி டுனாண்ட் என்னும் பெரியார். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

சுவிற்சர்லாந்து தேசத்து ஜெனீவா நகரில், 1828ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, தெய்வபக்தியும் தருமசிந்தையும் மிக்க குடும்பத்தில் டுனாண்ட் பிறந்தார். வாலிபப் பருவத்தில் வங்கியொன்றில் தொழில் பயின்று, பின்னர் அல்ஜீரியாவில் நிலம் பெற்று வாணிகத்தில் ஈடுபட்டார். அந்நிலத்துக்கு வேண்டிய நீருரிமை கிடைப்பது அரிதாயிற்று. பிரான்சியச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனிடம் நேரில் முறையிடக் கருதி, 1859இல் வட இத்தாலிக்குச் சென்றார். சக்கரவர்த்தி அப்பொழுது ஒஸ்திரியருடன் போர் தொடுத்திருந்தார்.

யூன் 24ஆந் திகதி சொல்பெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் மூண்டது. ஒரே பகலில் இருதிறத்தாருள்ளும் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். மருத்துவர் மிகச் சிலரே. அண்மையிலிருந்த காஸ்திலியோனே என்னும் சிற்றூரின் கோயில்களும் வீடுகளும் காயமுற்றோரால் நிரம்பின. வணிகஞ் செய்ய வந்த டுனாண்ட் தாம் வந்த காரியத்தை மறந்தார். ஊர்ப்பெண்களைத் திரட்டிப் புண்களைக் கழுவிக் கட்டினார். தாகத்தால் வாடியோருக்கு நீரூட்டினார். நண்பர், பகைவர் என்ற பேதத்தை அவர் பாராட்டவில்லை.

ஊர் திரும்பியும் அக்காட்சி அவர் நெஞ்சை விட்டகலவில்லை. 1862இல் தாம் கண்டவற்றை நூலாக எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டு, ஐரோப்பிய அரசர்க்கும் அறிஞர்க்கும் அனுப்பினார். சமாதான காலத்திலேயே தொண்டர் சங்கங்களை ஒவ்வொரு நாட்டிலும் அமைத்தல் வேண்டும். காயமுற்றோரையும் அவரைப் பேணுவோரையும் காக்கச் சர்வதேச உடன்படிக்கை ஒன்று செய்தல் வேண்டும். இவ்விரண்டுமே அந்நூலின் வேண்டுகோள்கள். 1863ஆம் ஆண்டு பெப்ரவரியில் குஸ்தாவ் முவானியே, தளபதி டுபூர் முதலிய நால்வருடன் அவரும் கூடிய ஐவர் குழுவே செஞ்சிலுவைச் சங்கத்தின் வித்தாயிற்று. 1864 ஓகஸ்ட் 22ஆந் திகதி பன்னிரண்டு அரசுகள் ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றியமைத்தாற்போன்ற வெண்ணிலத்துச் செஞ்சிலுவை அதன் சின்னமாயிற்று.

ஆயின் தொண்டில் மூழ்கிய டுனாண்ட் தம் வாணிகத்தைக் கவனித்தாரல்லர். 1867இல் அது முறிந்தது. அவரை நம்பிப் பணமிட்டோரும் நட்டமுற்றனர். அக்குற்றத்தை நாம் மறைத்தல் தகாது. அவர் நிறுவிய குழுவே அவரை விலக்கியது. பிறந்த நகரைவிட்டு நீங்கியவர் பின் ஒருபோதும் அங்கு மீண்டிலர். ஊரூராய் வறுமையில் அலைந்து, ஈற்றில் ஹைடன் என்னும் மலையூரில் வைத்தியசாலை அறையொன்றில் ஒதுங்கினார். உலகம் அவரை மறந்தே விட்டது.

1895இல் பத்திரிகையாளர் ஒருவர் அவரைக் கண்டு எழுதியபோதே உலகம் விழித்தது. 1901இல் முதன்முதலாக வழங்கப்பட்ட சமாதானத்துக்கான நோபெல் பரிசு, பிரெடெரிக் பாசி என்பவருக்கும் இவருக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தைத் தம் சுகத்துக்குச் செலவிடாது, ஹைடன் வைத்தியசாலையில் ஏழை நோயாளருக்கென இலவசப் படுக்கையொன்றுக்கும் பிற தருமங்களுக்கும் எழுதிவைத்தார். 1910 ஒக்ரோபர் 30ஆந் திகதி அவர் காலமானார். ஆரவாரம் எதுவுமின்றிச் சூரிச் நகரில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர் இட்ட வித்தின் நிழலை நம் நாடும் கண்டது. 2009ஆம் ஆண்டுப் போரின் இறுதி மாதங்களில் வன்னிக் கரையிலிருந்து காயமுற்றோரை ஏற்றிச் சென்ற கப்பல் தாங்கி வந்தது அச்சின்னத்தையே.

மாணவர்காள்! செல்வம் அழிந்தது, சுற்றம் கைவிட்டது, செய்த தொண்டோ நிலைத்தது. பிறர் புண்ணைக் கண்டு வழிமாறி நின்று உதவும் நெஞ்சமே கல்வியின் பயனென நாம் கொள்வோமாக.