ராக்கெட்டுக்குத் தன் பெயரிட்டவர்

ஓசூரில் ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், ஒரே பக்கத்தில் நான்கைந்து வெங்கடேசன்களையும் இரண்டு மூன்று முனியப்பாக்களையும் காணலாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் மூன்று மொழியினருக்கும் பொது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉதான். தலைப்பெழுத்தும் பணியாளர் எண்ணும் இருப்பதால் ஒருவரின் ஊதியம் இன்னொருவருக்குப் போய்விடுவதில்லை.

இங்கிலாந்து வரலாற்றில் வில்லியம் காங்கிரீவ் என்ற பெயரைத் தேடுவோருக்கு அத்தகைய வசதி இல்லை. நூலகப் பட்டியலில் அப்பெயரின் கீழ் நகைச்சுவை நாடகமும் வரும்; வெடிமருந்தும் வரும்; போர்க்கள வீரமும் வரும். நாடகாசிரியரான காங்கிரீவ் 1670-இல் பிறந்தவர். முப்பது வயதுக்குள் ஆங்கில நாடக உலகின் உச்சியைத் தொட்டுவிட்டு, அதன்பின் நாடகம் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு, அரசுப் பதவிகளின் வருவாயில் 1729 வரை வாழ்ந்தார். மற்றொரு காங்கிரீவ் பீரங்கிப் படைத் தளபதி. அரசு வெடிமருந்து ஆலைகளைச் சீர்திருத்தியவர். இன்னுமொருவர் முதல் உலகப் போரில் 1916 ஜூலையில் சோம் போர்க்களத்தில் மாண்டு, விக்டோரியா சிலுவை விருது பெற்ற இளம் அதிகாரி. அவருடைய தந்தையும் அதே விருதைப் பெற்றவர் என்பது அரிய செய்தி.

நம் மண்ணோடு தொடர்புடையவர் இவர்களுள் எவரும் அல்லர். வெடிமருந்துத் தளபதியின் மகனாக 1772-இல் பிறந்து, தந்தையின் பெயரையே தாங்கிய வில்லியம் காங்கிரீவ்தான் அவர். காங்கிரீவ் ராக்கெட் என்று உலகம் அழைத்த போர்க்கருவிக்கு உரியவர். அவர் ஓசூரைக் கண்டவரல்லர். ஆயினும் அவருடைய புகழின் வேர் இந்தப் பகுதியின் பாறைக் குன்றுகளுக்கு அருகில்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, இன்றைய கோலார் மாவட்டத்தில் உள்ள பூதிகோட்டை ஹைதர் அலியின் பிறந்த ஊர். அவருடைய தந்தை ஆர்க்காட்டு நவாபின் பணியில் ஐம்பது ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நாம் திருவிழாக்களில் கொளுத்தும் வாணத்தின் போர் வடிவமே அந்த ராக்கெட். இரும்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்துக் குழலாக்கி, கருமருந்தை இறுகக் கெட்டித்து, நீண்ட மூங்கிற் கழியோடு தோல் வாரால் கட்டியிருப்பார்கள். அன்றைய ஐரோப்பிய ராக்கெட்டுகளின் உறை காகித அட்டை. அட்டை தாங்கும் அழுத்தத்தைவிட இரும்பு பன்மடங்கு அழுத்தம் தாங்கும். ஆகவே மருந்தை இன்னும் கெட்டியாக அடைக்கலாம். ராக்கெட் இன்னும் தொலைவு செல்லும். ஒரு கிலோமீட்டர் தொலைவையும் அது எட்டியது. வேறுபாடு உறையில் இருந்தது. அந்த உறையின் பின்னே மைசூர் நாட்டு உலைகளும் கருமான்களின் கைத்திறனும் இருந்தன. திப்பு சுல்தானின் காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவிலும் சுமார் 200 ராக்கெட் வீரர்கள் இருந்தனர்.

1791 ஜூலையில் காரன்வாலிஸின் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் கைப்பற்றியது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் மீது நடந்த தாக்குதல் தோல்வியில் முடிந்தது. 1792 உடன்படிக்கையால் பாரமகால் கும்பெனியிடம் வந்தது. ஓசூரோ மேலும் ஏழு ஆண்டுகள் திப்புவிடம் இருந்தது. இன்று கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்யும் தொழிலாளி, அன்று இரு அரசுகளுக்கு இடையிலிருந்த எல்லையைத் தினமும் கடக்கிறார். (ரீடும் மன்றோவும் இரயத்துவாரி முறையைச் சோதித்துப் பார்த்ததும் அந்த ஏழு ஆண்டுகளில் இதே பாரமகாலில்தான், பொருளியல் மாணவர்களுக்கு அது தனிப் பாடம்.) 1799-இல் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியே ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கி நகர்ந்தது. ஏப்ரலில் சுல்தான்பேட்டைத் தோப்பில் இருளில் முன்னேறிய ஆர்தர் வெல்லஸ்லியின் பிரிவை ராக்கெட்டும் துப்பாக்கியும் சிதறடித்தன. பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அவரே. மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. அங்கே கைப்பற்றப்பட்டவற்றில் நூற்றுக்கணக்கான ராக்கெட்டுகளும் ஆயிரக்கணக்கான வெற்று உறைகளும் இருந்தன. மைசூர் ராக்கெட்டுகள் சில லண்டனுக்கு அருகிலுள்ள வுலிச் ஆயுதச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த வுலிச் ஆய்வகத்தின் தலைவர் வேறு யாருமல்லர். மூத்த வில்லியம் காங்கிரீவ்தான். மகன் அப்போது ஆயுதத்தோடு தொடர்பற்றவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, சட்டம் படித்து, பிறகு ஓர் அரசியல் இதழை நடத்தினார். அவதூறு வழக்கொன்றில் சிக்கி 1804-இல் இதழிலிருந்து விலகினார். முப்பத்திரண்டு வயதில் தொழிலை இழந்தவர் ராக்கெட் பக்கம் திரும்பினார். முதலில் லண்டனில் கிடைத்த வாணங்களைச் சொந்தச் செலவில் வாங்கி எவ்வளவு தொலைவு செல்கின்றன என்று அளந்தார்; பின்னர் தந்தையின் செல்வாக்கால் வுலிச்சின் பட்டறைகள் அவருக்குத் திறந்தன. அட்டை உறையிலிருந்து இரும்பு உறைக்கு மாறியதும் அவருடைய ராக்கெட் 2000 கெஜம் சென்றது.

இந்தியாவில் ராக்கெட் போரில் பயன்பட்டதைத் தாம் அறிந்திருந்ததாக அவரே பின்னர் எழுதினார். ஆனால் அவை சிறியவை, ஆயிரம் கெஜத்துக்கு மேல் செல்லாதவை என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார். இரும்பு உறை யாருடைய எண்ணம் என்ற கேள்விக்கு அந்த வரியில் இடமில்லை. இதைத் திருட்டு என்று கூறுவது நம் உணர்ச்சிக்கு இதமளிக்கலாம்; வரலாற்றுக்கு அது போதாது. காங்கிரீவ் செய்த வேலை அற்பமானதன்று. மருந்தின் கலவையை ஒரே சீராக்கினார். ராக்கெட்டுகளை எடை வாரியாகத் தரப்படுத்தினார். ஏவும் சட்டங்களையும் படகுகளையும் வடிவமைத்தார். ஒரு ராக்கெட்டுக்கும் ஒரு பீரங்கிக் குண்டுக்கும் ஆகும் செலவை ஒப்பிட்டு அட்டவணை தந்தார். எல்லாவற்றையும் படங்களோடு அச்சிட்டு வெளியிட்டார். மைசூரில் இந்த அறிவு கைகளிலும் அரசின் கார்கானாக்களிலும் இருந்தது. அரசு போனதும் கார்கானா போயிற்று. வாங்குபவர் இல்லாத பொருளைச் செய்த கைகள் வேறு வேலைக்குப் போயின. இங்கிலாந்தில் அதே அறிவு ஏட்டில் ஏறி, பொதுப் பணத்தில் வளர்ந்து, ஒருவரின் பெயரைப் பெற்றது.

1806-இல் பூலோன் துறைமுகமும், 1807-இல் கோபன்ஹேகன் நகரும் இந்த ராக்கெட்டுகளால் எரிந்தன. 1813-இல் லைப்சிக் போரில் ஒரு சிறு ராக்கெட் படை பங்கேற்றது. 1814-இல் பால்டிமோர் கோட்டையின் மீது அவை பாய்ந்த காட்சி அமெரிக்கத் தேசிய கீதத்தில் இடம்பெற்றிருக்கிறது. 1816-இல் கும்பெனியின் வங்காளப் படையில் ராக்கெட் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. மைசூரின் இரும்புக் குழல் பதினேழு ஆண்டுகளில் ஆங்கிலப் பெயரோடு இந்தியாவுக்கே திரும்பி வந்தது.

காங்கிரீவின் ஆர்வம் ராக்கெட்டோடு நிற்கவில்லை. பதினெட்டுக் காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. அவற்றுள் 1808-இல் பெற்ற கடிகாரக் காப்புரிமை கைக்கடிகாரம் செய்யும் ஓசூருக்குச் சுவையாக இருக்கும். ஊசலுக்குப் பதிலாக ஒரு சிறு உலோக உருண்டை, சாய்ந்த தட்டில் வளைந்து வளைந்து செல்லும் பள்ளத்தில் உருளும். ஒரு முனையை அடைந்ததும் தட்டு மறுபுறம் சாயும். உருண்டை திரும்பி வரும். பார்ப்பதற்கு அத்தனை அழகு. நேரம் மட்டும் சரியாகக் காட்டாது. பள்ளத்தில் சிறிது தூசி படிந்தாலே போதும். லண்டனின் ரீஜண்ட் கால்வாயில் நீரை மிச்சப்படுத்த அவர் வடிவமைத்த மதகு பயனற்றுப் போய், வழக்கமான மதகே மீண்டும் கட்டப்பட்டது. கள்ளத்தனமாக அச்சிட முடியாதபடி இரு வண்ணங்களை ஒரே அழுத்தத்தில் பதிக்கும் அச்சுமுறை நன்கு பயன்பட்டது. கடற்பஞ்சு நீரை உறிஞ்சும் இயல்பைக் கொண்டு ஓயாமல் சுழலும் சக்கரம் ஒன்றையும் முன்வைத்தார், அது நடவாதது. வென்றவையும் தோற்றவையும் ஒருங்கே நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவை பதிவாகியிருப்பதுதான்.

ஓசூரின் சிறு பட்டறைகளில் பிறர் தந்த வரைபடத்துக்கு ஏற்ப உதிரிபாகம் செய்யும் கடைசல் தொழிலாளி, வெட்டும் கோணத்தைச் சற்று மாற்றி உலோகக் கழிவைக் குறைக்கிறார். பிடிகருவியைத் திருத்தி நேரத்தை மிச்சப்படுத்துகிறார். அடுத்த ஒப்பந்தத்தில் அந்த மிச்சம் விலைக் குறைப்பாக வாங்கும் நிறுவனத்துக்குப் போகிறது. திருத்தமோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. காப்புரிமைக்கான கட்டணமும் வழக்கறிஞர் செலவும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு எட்டாதவை. தொழிற்பேட்டைக்கு ஒரு பதிவகம், அதில் திருத்தம் செய்தவரின் பெயர், நாள், வரைபடம் என்ற அளவிலேனும் நம் தொழில் துறை ஓர் ஏற்பாட்டைச் செய்யலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகர என்னும் ஊரில், பாழ்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் உறைகள் சேற்றிலிருந்து வெளிப்பட்டன. திப்புவின் காலத்தவை அவை.

காங்கிரீவின் இறுதிக் காலம் அவருடைய ராக்கெட்டின் பாதையை ஒத்தது. தந்தை 1814-இல் இறந்தபின் அவருடைய பட்டமும் பதவியும் மகனுக்கு வந்தன. நாடாளுமன்ற உறுப்பினராகவும் இளவரசரின் நண்பராகவும் இருந்தார். 1824-இல் ஐரோப்பிய நகரங்களுக்கு எரிவாயு விளக்கு அமைக்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர்; அது நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் அதே பங்குச்சந்தை மோகத்தில் அயர்லாந்தின் அரிக்னா சுரங்கக் கம்பெனிக்கும் இயக்குநரானார். சுரங்க உரிமையை வாங்கிய விலைக்கும் கணக்கில் காட்டிய விலைக்கும் இடையே இருந்த பணத்தைச் சிலர் பங்கிட்டுக்கொண்டதாக 1826-இல் வழக்கு எழுந்தது. காங்கிரீவ் பிரான்சுக்குத் தப்பினார். அது மோசடியே என்று நீதிமன்றம் முடிவுகூறிய சில நாள்களில், 1828 மே மாதம் துலூஸ் நகரில் காலமானார்.

அக்காலத்தில் இங்கிலாந்துக் கடைகளில் உரசினால் பற்றும் தீக்குச்சிகள் விற்பனைக்கு வந்தன. மக்கள் அவற்றைக் காங்கிரீவ் என்றே கேட்டு வாங்கினர். அவற்றைக் கண்டுபிடித்தவர் அவரல்லர்.